மண் ஒட்டிய கேரட்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு மலரில், தலைவரின் வாழ்த்துச் செய்திக்கும் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் நடுவே, அவரைப் பற்றி இப்படி அச்சாகியிருந்தது: "நஞ்சில்லா உணவுத் துணைக்குழுவின் ஒருங்கிணைப்பாளர். மண்ணோடும் மண்ணை நம்பி வாழ்வோரோடும் நெருங்கிய தொடர்பு உடையவர். எளிய உணவுப் பழக்கமும் ஒளிவுமறைவற்ற பண்பும் கொண்ட இவர், நமது குடியிருப்புக்கும் இயற்கை வேளாண்மைக்கும் பாலமாகத் திகழ்கிறார்."

பக்கத்தில் புகைப்படம். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையைத் தூக்குவதுபோல, அடியில் கை கொடுத்து ஒரு முட்டைக்கோஸைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அந்தக் குறிப்பில் உண்மை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: துணைக்குழு. அதிலும் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. மற்றபடி, செருப்பில் துளி மண் ஒட்டினாலும் வாசல் மிதியடி தேயும்வரை தேய்க்கிற ஆள் அவர். கீரைகளில் எது எது என்று தெரியாது. கட்டாக இருந்தால் கீரை, கட்டாக இல்லாவிட்டால் காய், அவ்வளவுதான் அவருடைய தாவரவியல். எளிய உணவைப் பொறுத்தவரை, காரின் முன்பெட்டியில் எப்போதும் ஒரு சிப்ஸ் பொட்டலம் இருக்கும். தோட்டத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அது காற்றுப்போய்க் கிடக்கும். பின்சீட்டு நிறையக் காய்கறி, முன்சீட்டில் பொரித்த உருளைக்கிழங்கு என்று வாராவாரம் இரண்டு உலகங்களுக்கும் பாலமாகத் திகழ்ந்தார் என்றால் அது பொய்யில்லை.

ஒளிவுமறைவற்ற பண்பு என்று எழுதியதற்குத்தான் இந்தக் கதை.

அவர் ஒரு பார்சல் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் காலம் தள்ளியவர். வந்து சேராத பார்சல்களைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் மேஜை அவருடையது. அந்த மேஜைக்கு ஒரே ஒரு விதி: வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொல்லக் கூடாது. பார்சல் தொலைந்திருக்கலாம், நனைந்திருக்கலாம், யாரோ பிரித்துச் சாப்பிட்டே முடித்திருக்கலாம். இவர் "வழியில இருக்குங்க" என்பார். அந்த ஒற்றை வாக்கியத்திலேயே ஓர் ஆயுளின் பெரும்பகுதியை ஓட்டினார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல ஓர் இயந்திரம் வந்தது. அது இவரைவிடக் கனிவாகச் சொன்னது. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி கண் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காததுபோல நடிக்கிறார் என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். அடுக்குமாடியில் அவளைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவளால் கண்ணாடி மாற்றியவர்கள் பாதிப் பேர். வேலை போனபின் இவர், "கண்ணாஸ்பத்திரி மேடத்தோட ஹஸ்பண்ட்" ஆனார். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பு அவருக்கா லிஃப்டுக்கா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

இதை மாற்றியது ஒரு கழிப்பறைதான்.

ஒருநாள் காலை, வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டுச் சும்மா காரோட்டிக்கொண்டிருந்தவருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலையில் ஒரு தகரக் கூரை தெரிந்தது. கீழே நீள மேஜை, கூடைகள், தராசு, சாக்பீஸில் எழுதிய பலகை: "இன்று பறித்தது." மேஜைக்குப் பின்னால், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி.

"கொஞ்சம்... இங்க பாத்ரூம் ஏதாவது..." என்று இழுத்தார்.

"பின்னாடி இருக்கு. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க, தாழ்ப்பாள் சண்டித்தனம் பண்ணும்."

வெளியே வந்தபோது, சும்மா போவது மரியாதையில்லை என்று பட்டது. மேஜையில் இருந்தவற்றில் பெயர் தெரிந்தது கேரட் மட்டும்தான். அப்போதுதான் பிடுங்கி, இன்னும் கழுவாமல், இலையும் மண்ணுமாகக் கிடந்தது. ஒரு கட்டு வாங்கினார். லிஃப்டில் மூன்றாவது மாடி டீச்சர் ஏறினார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போடும் கண்.

"மண்ணோட இருக்கே! எங்க கிடைச்சுது சார்?"

அந்த லிஃப்டில் ஒருவர் அவரிடம் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. "சார்" என்றதும் முதல் தடவை. "நமக்குத் தெரிஞ்ச தோட்டம் ஒண்ணு இருக்குங்க," என்றார். கழிப்பறை வழியாகத் தெரிந்த தோட்டம் என்று சொல்ல வேண்டிய அவசியம் எழவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சருக்கும் சேர்த்து வாங்கினார். அதற்கடுத்த வாரம் அந்த மாடிக்கே. பிறகு கட்டடத்துக்கே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கார் உள்ளே நுழைந்தால், பை தூக்கிக்கொண்டு ஜனங்கள் கீழே இறங்கி வருவார்கள். காய்கறி சார் வந்துட்டாரா, காய்கறி சாரைக் கேளுங்க, காய்கறி சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். அலுவலகத்தில் யாரும் அவரை நம்பியதில்லை, நம்பும்படியான வேலையும் அதுவல்ல. இங்கே எல்லோரும் நம்பினார்கள். அந்த ருசி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சிப்ஸைவிட அதிகமாகவே.

தோட்டக்காரியை எல்லோரும் "தோட்டத்து அக்கா" என்றார்கள். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் ஊருக்கே அக்கா என்பதால் அவருக்கும் அக்கா. அவளும் அவள் தம்பியும் சேர்ந்துதான் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மருந்தடிக்கிறதில்லை, உரம் வாங்குகிறதில்லை என்பதை அவள் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. பலகையில்கூட எழுதவில்லை. கேட்டால் சொல்வாள், நம்பாவிட்டால், "போய்ப் பாத்துட்டு வாங்க, வேலியா போட்டிருக்கேன்?" என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் கருத்து வேற்றுமை. அவள் காய்களைத் தொட்டியில் போட்டு அலசி, பளிச்சென்று அடுக்குவாள். அவருடைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. பளிச்சென்று இருந்தால் கடையில் வாங்கியதுபோல இருக்கிறதாம்.

"எங்க ஆளுங்களுக்கு மண்ணு இருந்தாத்தான் நம்பிக்கை, அக்கா. கழுவாமலே குடுங்களேன்."

"எனக்கென்ன, ஒரு வேலை மிச்சம். ஆனா மண்ணுக்கும் சேத்துத்தான் எடை விழும். அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

கூடை தூக்கிக்கொண்டிருந்த தம்பி சொன்னான்: "பேசாம மண்ணையே பொட்டலம் கட்டி வித்துரலாம்க்கா. கேரட் இலவசம்னு போட்டுரு."

அப்படித்தான் அந்தக் கட்டடத்தில் மண் ஒரு சான்றிதழ் ஆனது. வீட்டுக்குள் காலணி போட்டு நடந்தால் சத்தம் போடுகிற குடும்பங்கள், கேரட்டின் இடுக்கில் ஒட்டிய மண்ணை விரலால் தொட்டு மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டன.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத் தலைவர் வாட்ஸப் குழுவில் எழுதினார்: பேரனுக்கு முதன்முதலாகக் கேரட் மசித்துக் கொடுக்கப்போகிறோம், நம் தோட்டத்துக் கேரட்தான் வேண்டும். உடனே பலரும் தங்களுக்கும் கேரட் என்று எழுதினார்கள். காய்கறி சார் ஒரு நிமிஷம் கட்டைவிரலை அந்தரத்தில் வைத்திருந்தார். மழையைப் பார்த்தார். பிறகு, "அனைவருக்கும் கேரட் உறுதி," என்று எழுதி, கட்டைவிரல் படம் ஒன்றும் வைத்தார்.

சனிக்கிழமை தகரக் கூரைக்கடியில் கீரையும் தக்காளியும் வழக்கம்போல இருந்தன. கேரட் ஒரே ஒரு கூடை.

"அவ்வளவுதான் தேறுச்சு," என்றாள் அக்கா. "மீதியெல்லாம் தண்ணி நின்னு அழுகிப்போச்சு. பாதிப் பேருக்கு வரும். மத்தவங்களுக்கு அடுத்த வாரம்னு சொல்லிருங்க, தப்பா நினைக்க மாட்டாங்க."

கூடையைக் காரில் ஏற்றிக்கொண்டே தம்பி முணுமுணுத்தான்: "மழைக்கு முன்னாடியே ஒரு கை உரம் போட்டிருந்தா இந்நேரம் பருத்திருக்கும், எடுத்திருக்கலாம். சொன்னாக் கேட்டாத்தானே?"

"வாயைக் கழுவு. வாங்க வந்தவங்க முன்னாடி பேசுற பேச்சா இது?"

"நான் போட்டேன்னா சொன்னேன்? போட்டிருந்தான்னுதானே சொன்னேன்."

காய்கறி சார் சிரித்துவைத்தார். காரை எடுத்தார். பாதிப் பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவு சின்ன வேலை. கிளைச் சாலை முடியும்வரை அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். "இந்த வாரம் கேரட் கொஞ்சம்..." அதற்குமேல் வாய் வரவில்லை. ஒரு ஆயுள் முழுக்கச் சொல்லாத சொல் அது. நாக்குக்கு அந்த வழி தெரியவில்லை.

பெரிய சாலையில் சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. கார் தானாகவே உள்ளே திரும்பியது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கே கேரட்கள் ராணுவ அணிவகுப்புபோல ஒரே உயரம், ஒரே நிறம், நெகிழிப் பைக்குள். இலை வெட்டியிருந்தது, தலையில் சின்னக் குழி. எங்கோ தூரத்தில் கழுவப்பட்டு, மண் என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்ட கேரட்கள்.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். காரைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, பைகளைச் சட்டைக்குள் மறைப்பதுபோல அணைத்துக்கொண்டு மாடியேறினார். பால்கனியில் அவள் வளர்க்கும் ரோஜாத் தொட்டிகள். ஒன்றில் கரண்டியால் தோண்டினார். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஒவ்வொரு கேரட்டாக எடுத்துப் பூசினார். முதல் இரண்டு கேரட்டுகள் சாக்லேட் பூசியதுபோல வந்தன, நம்ப மாட்டார்கள். பிறகு கை பழகியது. துணியால் ஒற்றி, இடுக்கில் மட்டும் விட்டு, தலைக் குழியில் கட்டைவிரலால் அழுத்தி. போகப் போக ஒரு மெட்டுகூட முணுமுணுத்தார். முழங்கைவரை சேறு. ஆண்டு மலர் சொன்ன நெருங்கிய தொடர்பு ஒருவழியாக அன்றைக்குத்தான் ஏற்பட்டது.

நிஜக் கேரட்டோடு கலந்தார். நிஜத்தின் இலைகளையும் வெட்டிவிட்டார். "மழையில இலை அழுகிடுச்சு, அதான் வெட்டிட்டாங்க," என்று கீழே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவருக்கு அவரே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். நல்லதாகப் பார்த்து. அதாவது, ஒரே உயரம், ஒரே நிறமாகப் பார்த்து.

"இந்த வாசனை கடைக் கேரட்டுல வருமா?" என்றார் தலைவர், மோந்து பார்த்து.

"வராதுங்க," என்றார் காய்கறி சார். அது உண்மைதான். ரோஜாத் தொட்டியின் வாசனை அது.

மறுநாள் மத்தியானம், குழுவில் டீச்சர் ஒரு படம் போட்டார். வெள்ளைக் கிண்ணத்தில் கேரட்டின் தலைப்பகுதி. அந்தக் குழியில், மண்ணுக்கு நடுவே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நீலக் குருணைகள். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்; தண்ணீர் இளநீலம். கீழே எழுதியிருந்தார்: "இது ரசாயன உரம். கரைத்துப் பார்த்துவிட்டேன். சந்தேகமே இல்லை. இயற்கை விவசாயம் என்று இத்தனை நாள் நாம் சாப்பிட்டது இதைத்தான்."

சிறிது நேரத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் நீலம் கண்டுபிடித்தார்கள். தலைவர் பேரனின் வாயைத் திறந்து பார்த்ததாக எழுதினார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, இன்னும் வேண்டும் என்று கேட்டு அழுததாம். அதுவே சந்தேகத்தைக் கிளப்புவதாக ஒருவர் பதில் எழுதினார்.

காய்கறி சார் கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார். வெறும் கேரட்டாகவே கொடுத்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நம்பிக்கைக்காகப் பூசிய மண்தான் இப்போது வாய் திறந்து பேசுகிறது.

மனைவி தன் கைப்பேசியோடு வந்து எதிரே நின்றாள். படத்தைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். பிறகு அவரை.

"ஏங்க, நேத்து என் ரோஜாத் தொட்டியில எலி தோண்டியிருந்துச்சு."

அவர் கவிழ்த்து வைத்த கைப்பேசியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டி வச்சுத் தோண்டுற எலி. முந்தாநாள்தான் அந்தத் தொட்டிக்கு நீல உரம் போட்டேன்."

"பாதிப் பேருக்கு இல்லாமப் போயிடும்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"இல்லன்னு சொன்னா என்ன ஆயிருக்கும்? கேரட் இல்லாம யாராவது செத்தாங்களா?"

"சாயங்காலம் மீட்டிங் வச்சிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. ஒரே இடத்துல எல்லாரும் இருப்பாங்க. ஒருதரம் சொன்னாப் போதும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க. நீங்கதான் சொல்லணும். அந்தப் பொம்பளை பொழப்புங்க அது. இந்தக் கட்டடம் வாங்கலேன்னா அவ யாருக்கு விப்பா?"

சங்க அறையில் மேஜை இல்லாததால் டேபிள் டென்னிஸ் பலகையைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம் நடக்கும். வலையை மட்டும் கழற்றிவிடுவார்கள். டீச்சர் நீலக் குருணைகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பேசினார்கள். ஏமாற்றுக்காரி என்றார்கள். பக்கத்துக் குடியிருப்புகளின் குழுக்களிலும் அவளைப் பற்றிப் போட வேண்டும், வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றார்கள். மனைவி கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். சொல்லிவிடுவதென்றுதான் எழுந்தார். காது மடல் கொதித்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்... அந்தக் கேரட்டு வந்து... அதுல என் மேலதான்..."

"உக்காருங்க சார்," என்றார் டீச்சர், எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு. "உங்களை யாரு குத்தம் சொன்னா? எங்களை ஏமாத்தினதைவிட உங்களைத்தான் அதிகமா ஏமாத்தியிருக்கா. வாராவாரம் பெட்ரோல் போட்டுட்டு ஓடினவர் நீங்க."

"மனுஷன் முகத்தைப் பாருங்க, எப்படிச் செத்துப்போயிருக்கு," என்றார் தலைவர். "அவருக்கு யாராவது தண்ணி குடுங்க."

தண்ணீர் வந்தது. குடித்தார். குடித்து முடித்தபோது, சொல்ல வந்தது தண்ணீரோடு உள்ளே போய்விட்டிருந்தது. கடைசி நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஏமாற்றினவன் என்று எழுந்தவரை ஏமாந்தவர் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நாற்காலி அவ்வளவு சௌகரியமாக இருந்ததுதான் கொடுமை.

நேரில் போய் அவளைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று தீர்மானமானது. தலைவரும் டீச்சரும் போவார்கள். வழி தெரிந்தவர் கூட வர வேண்டும்.

மறுநாள் காலை அவர்தான் காரோட்டினார். அங்கே போய் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வழி நெடுக நினைத்தார். தனியாகச் சொன்னால் அவமானம் பாதியாகும். அவள் நல்லவள், திட்டிவிட்டு விட்டுவிடுவாள். அப்படி ஒரு கணக்குப் போட்டதில் காலை வெயில்கூட நன்றாகத்தான் இருந்தது.

கார் நின்றதும் டீச்சர் இறங்கி நேரே மேஜைக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்துவிட்டார்.

அக்கா குனிந்து பார்த்தாள். விரல் நுனியில் ஒரு குருணையை எடுத்து உருட்டினாள். "இதை நான் வாங்கினதே இல்லீங்க."

"உங்க கேரட்டுல இருந்துதான் எடுத்தோம். சார் கையால குடுத்த பைங்க."

அவள் காய்கறி சாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டே இல்லை. இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற, அந்தக் கட்டடத்துக்கே உரிய அதே பார்வை. அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, எல்லாத்தையும் திறந்து காட்டுறேன்," என்று கூட்டிப்போனாள். சாணியும் சருகும் மக்கும் குவியல். மண்வெட்டி, கூடைகள், கயிறு கிடக்கும் கொட்டகை. டீச்சர் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். நீலமாக எதுவுமில்லை. அவள் முகம் தெளிந்தது. அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல இருண்டது. கொட்டகை வாசலில், மண் ஒட்டிய கையோடு வந்து நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போட்டியாடா?"

"எதை?"

"உரத்தை. எனக்குத் தெரியாம ஒரு கை போட்டியா? அன்னைக்கு இவர் முன்னாடியே சொன்னியே."

"சொன்னேன். போடலை."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? ஆகாயத்துலேருந்தா?"

"அக்கா, உன் மேல சத்தியமா நான் போடலை. கேரட்டுக்கு உரம் போடுறவன் தலையில கொண்டுபோயா வைப்பான்? மண்ணுலதானே போடுவான்?"

"வக்கீல் மாதிரிப் பேசாத. எத்தனை மாசமா உரம் உரம்னு உயிரை எடுக்குற. அம்மா போனப்புறம் இந்த நிலத்துல நான் காப்பாத்தினது இந்த ஒரு பேரைத்தான்." அவள் குரல் உடைந்தது. தலைவரையும் டீச்சரையும் பார்த்துக் கை கூப்பினாள். "என் பேச்சை நம்பிச் சாப்பிட்டவங்க நீங்க. குழந்தைக்கு வேற குடுத்திருக்கீங்க. எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் உங்களைப் பாக்குறது?"

தம்பி அக்காவை விட்டுவிட்டான். காய்கறி சாரிடம் வந்தான். வாராவாரம் அவர் காரில் கூடை ஏற்றிக் கொடுக்கிற கை அது.

"சார், நீங்களாவது சொல்லுங்க. அன்னைக்கு நான் போட்டேன்னா சொன்னேன்? போட்டிருந்தான்னுதானே சொன்னேன்? நீங்க பக்கத்துலயேதானே நின்னீங்க. உங்க பேச்சைத்தான் இவங்க கேப்பாங்க. சொல்லுங்க சார்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று அவருக்கே தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான். அதற்கு அடுத்த வாக்கியத்தைக்கூட யோசித்திருந்தார். ஆனால் சனிக்கிழமைகளில் பையோடு இறங்கி வரும் ஜனங்கள் கண்முன் வந்தார்கள். "சார்" என்ற சொல் வந்தது. அது போய்விட்டால் மிஞ்சுகிற அந்த லிஃப்டும் அந்தத் தலையசைப்பும் வந்தன. வாய் திறந்தது. அதிலிருந்து கனிவான, பழகிய, மேஜைக்குப் பின்னாலிருந்து வருகிற ஒரு குரல் வந்தது.

"ஏதோ தெரியாமப் பண்ணிட்டான். சின்னப் பையன்தானே. இந்த ஒருதரம் மன்னிச்சு விட்டுருவோம். அக்காகிட்டயே தொடர்ந்து வாங்குவோம்."

முப்பது வயதைத் தாண்டிய அந்தச் சின்னப் பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம்கூட இல்லை, புரியவில்லை என்கிற பார்வை. பிறகு உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினான். அவற்றை ஜோடியாக அக்காவின் காலடியில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று திருப்பம்வரை மெதுவாகத்தான் நடந்தான்.

திரும்பும்போது காரில் டீச்சர் சொன்னார்: "உங்களுக்கு இருக்குற மனசு எனக்கு வராது சார். நானா இருந்தா அந்த இடத்துலயே வாங்குறதை நிறுத்தியிருப்பேன்."

"பெரிய மனுஷத்தனம்னா இதான்," என்றார் தலைவர்.

காய்கறி சார் காரை ஓரம்கட்டி இறங்கி, கொஞ்ச நேரம் புதரைப் பார்த்து நின்றார். வாந்தி வரவில்லை. அதுவும் அவருக்கு இணங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள், பாவம், மனசு கேக்கலை அவருக்கு, என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. தொடர்ந்து வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

"நான் அதைக் கேக்கலை."

அவர் சோபாவின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"அப்ப பழி யாரு மேல போச்சு?" என்றாள். பதிலை அவர் முகத்திலேயே படித்துக்கொண்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. மெதுவாகத்தான் சாத்தினாள்.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை, பைகள் காத்திருந்தன. தகரக் கூரைக்கடியில் அக்கா தனியாக இருந்தாள். கேரட் எல்லாம் கழுவி, பளிச்சென்று அடுக்கியிருந்தது.

"இனிமே கழுவித்தான் குடுப்பேன் சார். மண்ணைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"தம்பி...?"

"லாரியில லோடு ஏத்தப் போறானாம். ஆள்கிட்ட சொல்லி அனுப்பினான். வீட்டுக்கு வரலை." கூடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். "அவனை நம்பாம இருந்திருப்பேனா சார்? நீங்களே சொன்னதுக்கப்புறம் நான் என்ன பண்ண முடியும்?"

அவர் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். கூடை கனத்தது. சொல்லிவிட அப்போதும் இடம் இருந்தது. சாலையில் ஆள் நடமாட்டமில்லை, தனியாகத்தான் இருந்தார்கள், அவர் வேண்டிக்கொண்டதுபோலவே. "அடுத்த வாரம் வந்துருவான்க்கா," என்றார்.

நடந்தது இதுதான். ஒரு மனிதர் கடையில் கேரட் வாங்கி, அதில் ரோஜாத் தொட்டி மண்ணைப் பூசி, தோட்டத்துக் கேரட் என்று கொடுத்தார். அதற்கான பழி வேறொருவன்மேல் விழுந்தபோது, அவனை மன்னித்துவிடும்படி மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டார்.